மாலுபாணும் என் கல்லீரலும்

1

முதலில் நான் நம்பிய முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்காவது நடுவில் ஒளித்துவைத்தால் நீங்களே கண்டுபிடித்துச் சிரிப்பீர்கள். அதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை. என் புற்றுநோய் இரண்டாம் முறை வந்ததற்குக் காரணம், மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வல சந்தியில் த்ரீவீலர் ஓட்டும் என் அக்கா புருஷன் ஒரு மாலுபாண் சாப்பிட்டதுதான் என்று நம்பினேன்.

மீனும் உருளைக்கிழங்கும் உள்ளே வைத்து முக்கோணமாகச் சுட்ட பாண் ரொட்டி அது. ஊரில் எந்தத் தேத்தண்ணிக் கடையின் கண்ணாடிப் பெட்டியிலும் கிடக்கும். இருபத்திரண்டு வருடமாக ஜெர்மனியில் ஒரு பாண் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன் நான். பாணால் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்பது மற்றவர்களைவிட எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்று மாசி மகம். இந்நேரம் மாத்தளை வீதியில் தேர் வந்துகொண்டிருக்கும். இங்கே யன்னலுக்கு வெளியே அழுக்குப் பனி. வலது விலாவுக்குக் கீழே நான்கு வாரத் தையலோடு சமையலறை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். தும்மல் வந்தால் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தும்ம வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எழுத இதைவிட நல்ல நாள் வாய்க்காது.

2

கிட்டத்தட்ட மூன்று வருடத்துக்கு முன் என் பெருங்குடலில் ஒரு கட்டி இருந்தது. வெட்டி எடுத்தார்கள். அடுத்து ஆறு மாதம் மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். முதல் மருந்துக்கு முந்திய நாள், பிழைத்தால் மாத்தளை அம்மனுக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டேன். நான் அப்படியொன்றும் பக்திமான் இல்லை. ஊரில் இருந்த காலத்தில் தேர்த் திருவிழாவுக்குப் போனது கச்சான் கடலை வாங்கவும் கலாவைப் பார்க்கவும்தான். கலா இப்போது என் மனைவி. அந்த வகையில் அம்மன் எனக்கு ஏற்கெனவே ஒரு காரியம் முடித்துக் கொடுத்தவள்.

மருந்து முடிந்தது, மாசியும் வந்தது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி துளியும் இல்லை, விமானத்தில் யாராவது இருமினாலே போதும் என்று டாக்டர் பயணத்தைத் தடுத்துவிட்டார். இப்படியான நேரத்தில் வெளிநாட்டில் இருக்கும் நம்மாட்கள் என்ன செய்வோம்? காணி எழுத வேண்டியிருந்தால் ஊரில் இருக்கும் ஒருவருக்கு அற்றோர்னித் தத்துவம் எழுதிக் கொடுப்போம். நான் காவடிக்கே கொடுத்தேன்.

"மச்சான், எனக்குப் பதிலா நீங்க எடுப்பீங்களா?"

செல்லமுத்து மச்சான் யோசிக்கவே இல்லை. "எடுத்துட்டாப் போச்சு மாப்ள. வேண்டுதல் ஒன்னுது, தோள் என்னுது. மொதல்லயே அம்மன்கிட்ட ஒன் பேரச் சொல்லிட்டுத்தான் தூக்குவேன். அவளுக்கு எந்தக் கொழப்பமும் வராது."

பத்து நாள் விரதம் இருந்து எடுத்தார். அக்கா மகன் வீடியோ அனுப்பினான். மயிலிறகுக் காவடிக்கு அடியில் மச்சான் வெயிலில் ஆடிக்கொண்டே வந்து, போனுக்கு நேரே ஒரு கணம் நின்று, "மாப்ள, பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நான்கு விநாடியை எத்தனை தடவை பார்த்தேன் என்று கலாவைக் கேட்டால் சொல்லுவாள்.

அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு பரிசோதனையும் சுத்தமாக வந்தது. நான் பழைய ஆளாகிவிட்டேன். பெருங்குடலில் ஓர் அடி போய்விட்டதே என்று அனுதாபப்பட்டவர்களிடம், "இப்ப நமக்குக் குறுக்கு வழி" என்றேன்.

3

சென்ற கார்த்திகையில் இரத்தப் பரிசோதனையில் ஓர் எண் ஏறியது. படம் எடுத்தார்கள். டாக்டர் ஒரு சொல் சொன்னார்: ரெட்சிடீவ். எனக்கு அது ரெட்செப்ட் என்று காதில் விழுந்தது. ஜெர்மன் மொழியில் மருந்துச் சீட்டு.

"எந்த மருந்துக் கடையில் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டேன்.

பக்கத்தில் இருந்த என் மகள் அபி என் கையைப் பிடித்தாள். அவளுக்குப் பதினேழு வயது. நாலு பேர் பார்க்கும் இடத்தில் அவள் என் கையைப் பிடித்து எட்டு, ஒன்பது வருடம் இருக்கும். தெருவில் என்னோடு நடந்தால்கூட இரண்டடி தள்ளித்தான் நடப்பாள். அந்தக் கை பட்டதும் அது மருந்துச் சீட்டு இல்லை என்று விளங்கிவிட்டது. நோய் திரும்பி வந்திருக்கிறது, இம்முறை கல்லீரலில். கொஞ்சம் மருந்து ஏற்றிவிட்டுப் பிறகு வெட்டலாம் என்றார்.

முதல் தடவை நான் வீரன். இரண்டாம் தடவை ஒரு பகிடியும் வாயில் வரவில்லை. முதல் தடவை எங்கோ போன நோய் வழி தவறி என் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டது என்று நினைத்துக்கொள்ளலாம். இரண்டாம் தடவை வந்தால் அதற்கு விலாசம் தெரியும் என்று அர்த்தம்.

கடையில் பெரிய பற்பசை எடுக்கக் கை வரவில்லை, சின்னதை எடுத்தேன். வருட பஸ் அட்டையைப் புதுப்பிக்காமல் மாத அட்டை வாங்கினேன். ஒரு மாலை கலாவை நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போய், வீட்டைச் சூடாக்கும் இயந்திரத்தை எப்படி நிறுத்துவது என்று காட்டினேன். நான் இல்லாவிட்டாலும் அவள் சமாளிக்க வேண்டுமே.

"இத்தன வருசமா நாந்தான் இத நிறுத்துறேன். நீங்க காட்டுறது தண்ணிக் கொழாய்" என்றாள்.

டாக்டரிடம் பிழைப்பேனா என்று கேட்டேன். இந்த நாட்டில் பஸ் எட்டு பதினேழுக்கு வரும் என்று எழுதி வைத்தால் எட்டு பதினேழுக்கு வரும். அப்படிப்பட்ட நாட்டு டாக்டர், "பார்ப்போம்" என்றார். பார்ப்போம் என்பது நம்முடைய சொல். மாத்தளை அரசாங்கக் கச்சேரியில் பிறப்புச் சான்றிதழுக்கு அலைந்த நாட்களில் அதை நான் போதுமான அளவு கேட்டிருக்கிறேன். அங்கே அந்தச் சொல்லுக்கு நாளைக்கு வா என்று பொருள். இங்கே என்ன பொருள் என்று யாரும் சொல்லவில்லை.

பொருள் தெரியாத பயத்தோடு இருப்பது கஷ்டம். உட்கார வைக்க அதற்கு ஓர் இடம் வேண்டும். ஒரு காலை வேலைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு அந்த இடம் கிடைத்தது. மச்சான் விரதத்தை ஒழுங்காக இருந்தாரா?

4

நோய் திரும்பிய செய்தியை ஊருக்குச் சொல்லாமலே விசாரணையைத் தொடங்கினேன்.

"மச்சான், அந்த வருசம் பத்து நாளும் விரதம் சுத்தமா இருந்தீங்கள்ல?"

"என்னா மாப்ள, திடீர்னு?"

"சும்மாதான். இங்க ஒருத்தர் காவடி எடுக்கணும்னு கேட்டாரு."

மறுநாள், விரதத்தின் மூன்றாம் நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். அதற்கடுத்த நாள், ஐந்தாம் நாளைப் பற்றி.

"மாப்ள, நேத்து என்னா கறின்னே எனக்கு ஞாபகமில்ல. ஒங்கக்காகிட்டக் கேட்டு வைக்கிறேன்."

அபி தன் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "அப்பா, நீங்க ஏன் மாமாகிட்ட போலீஸ் மாதிரி கதைக்கிறீங்க?" காரணத்தைச் சொன்னேன்.  "மாமா அங்க சாப்பிட்டா உங்க ஈரல்ல எப்படி வரும்?" என்று கேட்டாள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நம் பண்பாட்டின் நுணுக்கம் புரிவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

விசாரணையின் நான்காம் நாள் மச்சானே போன் எடுத்தார்.

"மாப்ள, ஒன்னு சொல்லணும். ரெண்டு வருசமா நெஞ்சுல கெடக்கு. ஏழாம் நாள் மத்தியானம், மாத்தளையில இருந்து ஹயர் ஒன்னு ஏத்திக்கிட்டு வாறேன். கை ரெண்டும் நடுங்குது, கண்ண இருட்டிக்கிட்டு வருது. சீனி எறங்கிருச்சு. பின்னால ஒரு அம்மா, மடியில கைப்புள்ள. வண்டிய ஓரங்கட்டிட்டு எதுத்தாப்ல இருந்த கடையில பூந்தேன். பெட்டிக்குள்ள அது ஒன்னுதான் கெடந்துச்சு. பாதி தின்ன பொறகுதான் மீன் வாடையே தெரிஞ்சிச்சு."

"மிச்சப் பாதி?"

"அதையுந்தான் தின்னேன். நடுக்கம் நிக்கலியே மாப்ள." பிறகு கேட்டார்: "நீ ஏன் இப்ப இதத் தோண்டுற?"

இங்கே நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாழ்நாள் முழுக்க ஒன்றுக்கும் உதவாத பொய்களைச் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தவன், தேவைப்பட்ட ஒரே நேரத்தில் உண்மை பேசினேன்.

"அது திரும்பி வந்துருச்சு மச்சான்."

அந்தப் பக்கத்தில் கண்டி வீதியில் ஒரு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது கேட்டது.   போனை வைத்தேன்.

அன்று மாலை எனக்குப் பசித்தது. மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக நன்றாகச் சாப்பிட்டேன். எதனால் என்று அப்போது யோசிக்கவில்லை. என் பயத்தைப் பலாபத்வலவுக்கு அனுப்பிவிட்டிருந்தேன். இம்முறையும் எனக்குப் பதிலாக அவரே சுமக்கட்டும் என்று.

5

எனக்குப் பதிலாக அவர் நின்றது காவடியில் தொடங்கவில்லை. எனக்குப் பதினெட்டு வயதாக இருந்தபோது அப்பா காலமாகிவிட்டார். அவர் வேலை செய்த தோட்டத்தில், அவருடைய இடத்தில் என் பெயரைப் பதிந்தார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவார். குரல் கொடுத்தவருக்குத்தான் அன்றைய வேலை, அதாவது அன்றைய சம்பளத்துக்கான பேர். தொடர்ந்து வராதவனைப் பதிவிலிருந்து வெட்டிவிடுவார்கள். லயத்தில் இருந்த அறையும் அதோடு போகும். அதே மாதம் எனக்கு உயர்தரப் பரீட்சை.

அக்காவைக் கட்டிக்கொண்டு வந்து ஒரு வருடம்கூட ஆகாத மச்சான், மாத்தளை மர ஆலையில் லீவு சொல்லிவிட்டு மூன்று வாரம் பெரட்டில் போய் நின்றார். என் பெயர் கூப்பிட்டபோதெல்லாம் குரல் கொடுத்தார். என் பெயருக்கு வடிகால் கான் வெட்டினார். கங்காணி கண்டும் காணாமல் இருந்தார். யாரோ கேட்டதற்கு மச்சான் சொன்னாராம்: "பேரு அவனுது, மம்பட்டி என்னுது."

நான் பரீட்சையில் தேறினேன். பாண் சுட ஜெர்மனிக்கு வந்தேன்.

இந்த வருடத் தைப்பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் பாக்கியம் அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, அவருகிட்ட நீ என்னா சொன்ன?"

"என்னாக்கா?"

"பொங்கல் மறுநாள்ல இருந்து ஒரு வேளைதான் சாப்பிடுறாரு. மாசி மகம் வரைக்கும், நாப்பத்தெட்டு நாளைக்காம். சீனி வருத்தத்துக்குப் போடுற குளுசையையும் நிப்பாட்டிட்டாரு. ஏன்னு கேட்டா, குளுசை போட்டா சாப்பிடச் சொல்லும், சாப்பிட்டா பழையபடி ஆயிருங்கிறாரு. என்னா பழையபடின்னு கேட்டா பதில் இல்ல. நேத்து ஸ்டாண்டுல மயங்கி விழுந்துட்டாரு. பயலுக தூக்கியாந்து விட்டானுக."

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: நோய், விசாரணை, மாலுபாண். 

"திரும்பி வந்தத ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க பயந்துருவீங்கன்னுதான்."

"இப்ப சிரிச்சுக்கிட்டா இருக்கேன்?" என்றாள். பிறகு, "ஒனக்கு என்னா ஆகுமோ எனக்குத் தெரியாது தம்பி. அவருக்கு என்னா ஆகும்னு தெரியும். குளுசைய விட்டா உசுருக்கே ஆபத்துன்னு போன மாசந்தான் கிளினிக்ல சொன்னாங்க. நீ சொன்னத நீயே திருப்பி எடு" என்றாள்.

மச்சானைக் கூப்பிட்டேன். கெஞ்சினேன். அவர் குரல் மெலிந்திருந்தது.

"நான் செஞ்ச பெழைய நாந்தான் சரிபண்ணணும் மாப்ள. இந்தத் தடவ கன்னத்துல அலகும் குத்துறேன்."

"மச்சான், மாலுபாண் தின்னது நீங்க. அம்மனுக்குக் கோவம்னா ஒங்க ஈரலத்தானே புடிச்சிருக்கணும்?"

"அது எப்படி? நாந்தான் ஒன் பேரச் சொல்லிட்டுத் தூக்குனேனே."

 தர்க்கம் சுத்தமாக இருந்தது. அந்தத் தர்க்கத்தைக் கட்டிக் கொடுத்தவன் நான்தானே. இன்னொரு விஷயமும் உண்டு, அதை எழுத வெட்கமாக இருக்கிறது. அவரை அதிலிருந்து வெளியே இழுக்க முடியாததற்குக் காரணம், நானே அதற்குள் பாதி நின்றுகொண்டிருந்தேன். அவர் அலகு குத்தினால் எனக்கு நல்லதாகிவிடுமோ என்று என்னுள் ஒரு மூலையில் எவனோ கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்று அபி சமையலறைக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். "அப்பா, உங்ககிட்ட பயம் இருக்கா?" என்றாள். பேனா இருக்கா என்று கேட்பது போல. அவளுடைய தமிழை நான் வழக்கமாகத் திருத்துவேன்.

"நிறைய இருக்கு. ஒனக்கும் வேணுமா?"

"என்கிட்டயும் இருக்கு" என்றாள்.

 திருத்த எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இத்தனை நாளாக அவளுக்கு என்னோடு பேச விருப்பமில்லை, எட்டிப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். மூடிய அறைக்குள் அவள் இம்முறை எனக்கு வந்த ஆஸ்பத்திரிக் கடிதங்களை எல்லாம் மருத்துவ அகராதியோடு படித்துக்கொண்டிருந்தது அன்றுதான் தெரிந்தது.

6

ஜெர்மனியில் சும்மா நோயாளியாக இருக்க முடியாது, அதற்கும் படிவம் உண்டு. முதல் தடவை புற்றுநோய்க்காக எனக்கு ஐந்து வருட ஊனமுற்றோர் அட்டை ஒன்று தந்திருந்தார்கள். நோய் மறுபடி வந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும். பதினொரு பக்கம். ஏழாம் பக்கத்தில் ஒரு கேள்வி: இந்த நோய் எப்போதிலிருந்து உள்ளது?

நான் பேனாவை எடுத்தேன். மாசி, விரதத்தின் ஏழாம் நாள், மத்தியானம் என்று எழுதியிருப்பேன். அபி படிவத்தை இழுத்துக்கொண்டாள். "இதை டாக்டர்தான் எழுத வேணும்."

அறுவைக்கு முந்திய சந்திப்பில் அதை டாக்டரம்மாவிடம் நீட்டினோம். சரியாக எழுதவேண்டும், பழைய படங்களையும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்றார். கணினியில் என் வயிற்றைத் துண்டு துண்டாக மேலும் கீழும் உருட்டினார். பாண் வெட்டும் இயந்திரம் போல இருந்தது. ஓர் இடத்தில் நிறுத்தி, திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் என் கல்லீரல். அதில் அவர் விரல் வைத்த இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி.

"எப்போது எடுத்த படம்?" என்று அபி கேட்டாள்.

"எல்லாவற்றுக்கும் முதல் எடுத்தது. குடல் அறுவைக்கும் முன்னால்."

நாலு மில்லிமீட்டர். அந்த அளவில் அது என்னவென்று யாராலும் சொல்ல முடியாது, எத்தனையோ பேரின் கல்லீரலில் இப்படிப் புள்ளி இருக்கும், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்றார். அதனால் கவனித்து வரவும் என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கடிதம் மூன்று வருடமாக என் வீட்டுக் கோப்பில்தான் இருக்கிறது. ஜெர்மன் கடிதங்களில் இரண்டாம் பக்கம் இருப்பது எனக்குத் தெரியும், படித்ததில்லை. மருந்து அதை நெடுங்காலம் அடக்கி வைத்திருந்தது, பிறகு வளர்ந்துவிட்டது என்றார்.

திரும்பி வந்தவனுக்குத்தான் இவ்வளவு நாளும் பயந்துகொண்டிருந்தேன். அவன் போகவே இல்லையாம். இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி நடைபாதையிலிருந்தே மச்சானை வீடியோவில் கூப்பிட்டேன். அக்கா போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மச்சான் கட்டிலில் சாய்ந்திருந்தார். நாள்களை ஒவ்வொன்றாக அடுக்கிச் சொன்னேன். அபி அந்தப் புள்ளியின் படத்தை அனுப்பினாள்.

"நாலு மில்லிமீட்டருன்னா எவ்வளவு மாப்ள?"

"ஒரு மெளகு."

"பச்சயா, காஞ்சதா?"

"காஞ்சது."

மாத்தளைக்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அக்காவின் கையோடு போனைக் கண்ணுக்கு அருகில் இழுத்து நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப நான் தோள்ல தூக்கிக்கிட்டு ஆடுனப்பவும் இது உள்ளதான் இருந்திருக்கு."

"நான் நேர்ந்துக்கிட்டப்பவே இருந்திருக்கு மச்சான். ஒங்களக் கேட்டதுதான் என் பெழ."

 முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாக்கியம், அந்தக் குளுசப் பைய எடு" என்றார். அக்கா போனை எங்கே வைத்தாளோ, வெகுநேரம் எனக்குக் கூரைத் தகரம்தான் தெரிந்தது. கோப்பையில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது.

நான்கு வாரத்துக்கு முன் என் கல்லீரலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். அடுத்த படம் சித்திரையில். பயம் இருக்கிறது, அபி சொல்கிற மாதிரி, என்கிட்ட. பற்பசை இன்னும் சின்னதுதான். மச்சான் இன்று தேர் பார்க்கப் போயிருக்கிறார், வெறுந்தோளோடு, காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு. படிவத்தை அனுப்பிவிட்டோம். ஏழாம் பக்கத்தில் டாக்டரம்மா எழுதியதுதான் நடந்தது. முதல் படத்தை எடுத்தது ஒரு வைகாசியில். அப்போதே கல்லீரலின் வலப்பக்கத்தில், நாலு மில்லிமீட்டரில், அது இருந்தது. நான் நேர்ந்துகொண்டது அதற்கு ஏழு வாரம் கழித்து. மச்சான் மாலுபாண் சாப்பிட்டது அதற்கும் எட்டு மாதம் கழித்து.